வீட்டு அறையில் உருவப்படம் எடுக்க எந்த ஸ்டாண்டு பொருந்தும்?

ஜன்னலோரம் (நங்கநல்லூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாடகை வீட்டின் ஓர் அறையைக் கடந்த ஆறு மாதங்களாக உருவப்படம் எடுப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அறை 10க்கு 12 அடி. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. தரை வழவழப்பான டைல்ஸ். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், கேமராவுடன் வந்த ஜூம் லென்ஸ், ஒரு ஃபிளாஷ், ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்க நடுத்தர அளவில் ஒரு சாஃப்ட்பாக்ஸ் ஆகியவை என்னிடம் உள்ளன. அரங்கேற்ற அழைப்பிதழுக்காக முழு ஒப்பனையுடன் வரும் நடன மாணவிகள், வளைகாப்புக்கு முன்பு படம் எடுத்துக்கொள்ள விரும்பும் பெண்கள், அறுபதாம் கல்யாணத்துக்குத் தயாராகும் தம்பதியர், அவர்கள் கூடவே வரும் பேரக்குழந்தைகள் என்று பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே வருகின்றன.

இதுவரை நான் பயன்படுத்தி வந்தது, எப்போதோ வீடியோ எடுப்பதற்காக வாங்கிய எடை குறைந்த அலுமினிய டிரைபாட். அதனால் இரண்டு தொல்லைகள். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால், லென்ஸின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. சென்ற மாதம் ஒரு மாணவியை எடுத்தபோது, முதல் படத்தில் சரியாக இருந்த தலைசாமான், பத்தாவது படத்தில் ஃபிரேமின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. பேச்சு மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. மற்றொரு நாள், கேமராவையும் மடிக்கணினியையும் இணைக்கும் கேபிளில் ஒரு குழந்தையின் கால் சிக்கி, டிரைபாட் அப்படியே சாய்ந்தது. நல்லவேளையாக நான் பக்கத்திலேயே நின்றதால் பிடித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து குழந்தைகள் அறைக்குள் வந்தாலே என் கவனம் முகத்தை விட்டுக் கால்களுக்குப் போய்விடுகிறது.

புதிதாக வாங்க 15,000 ரூபாய் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் கார்பன் ஃபைபர் டிரைபாட்தான் நல்லது என்றும், டிரைபாட்டின் மேல் கேமராவைத் தாங்கும் ஹெட்டில், உருண்டை மூட்டு வைத்த பால் ஹெட்தான் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்றும் சொன்னார்கள். நண்பர் ஒருவர் ஒற்றைக் கால் கொண்ட மோனோபாட் போதும் என்கிறார். மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து சக்கரம் வைத்த பழைய கேமரா ஸ்டாண்டு ஒன்றும் விலைக்கு வருகிறது. வீட்டில் படம் எடுப்பவர்கள் எதைக் கருத்தில் கொண்டு முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


மூன்றுகால் (அசோக் நகர்) எழுதியது:

வணக்கம். முதலில், இந்த அறையில் டிரைபாட் உங்களுக்கு என்ன வேலை செய்யப்போகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கை நடுக்கத்தால் படம் கலங்குவதைத் தடுப்பதுதான் அதன் வேலை என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஃபிளாஷை முதன்மை வெளிச்சமாக வைத்து 1/160 அல்லது 1/200 நொடியில் எடுக்கும்போது அந்தக் கவலைக்கே இடமில்லை. ஃபிளாஷின் ஒளி வெட்டு அதைவிட மிகக் குறுகியது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போதோ, டிரைபாட் கேமராவின் அசைவை நிறுத்துமே தவிர, எதிரில் அமர்ந்திருப்பவரின் அசைவை நிறுத்தாது. மூச்சு விடுகிற, கண் சிமிட்டுகிற, சிரிக்கத் தொடங்குகிற மனிதருக்கு 1/125 நொடியாவது வேண்டும் என்பது என் அனுபவம். ஆகவே டிரைபாட் இருக்கிறதே என்று 1/15 நொடிக்கு இறங்கிவிடாதீர்கள்.

அப்படியானால் அது எதற்கு? ஃபிரேம் மாறாமல் நிற்பதற்கு, ஃபோகஸ் தூரம் மாறாமல் இருப்பதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் கேமராவை விட்டு நகர்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு. உங்கள் 50 மி.மீ. லென்ஸில் தலையும் தோளும் நெட்டுவாக்கு ஃபிரேமை நிரப்ப ஏறத்தாழ 1.3 மீட்டர் தூரத்தில் கேமரா இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 5 செ.மீ. அளவுதான். கையில் பிடித்து நிற்கும் ஒருவர் தம்மை அறியாமலே முன்னும் பின்னும் இரண்டு மூன்று செ.மீ. ஆடுவார், அமர்ந்திருப்பவரும் ஆடுவார். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். இருந்தாலும், இரண்டு ஆட்டத்தில் ஒன்றை நிறுத்திவிட்டால் வீணாகும் படங்கள் குறைவதை முதல் நாளே பார்ப்பீர்கள்.

இனி உங்கள் முதல் தொல்லை. கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து நெட்டுவாக்கில் வைத்தால், கேமராவின் அடியில் மாட்டும் பிளேட்டைப் பிடித்திருக்கும் திருகு படுக்கைவசமாகிவிடுகிறது. லென்ஸின் எடை அந்தத் திருகை அச்சாகக் கொண்டு கேமராவைக் கீழ்நோக்கித் திருகப் பார்க்கிறது. மெல்லிய ரப்பர் ஒட்டிய பிளேட்டாக இருந்தால் அது வழுக்கிச் சுழலும். தலைசாமான் மேல் விளிம்பை நோக்கிப் போனதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். டிரைபாட் எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தாலும் இந்தச் சறுக்கல் நிற்காது, ஏனென்றால் குறை கால்களில் இல்லை. இதற்குச் சரியான மருந்து எல் வடிவ பிராக்கெட். கேமராவின் அடிப்பாகத்தையும் இடப்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த உலோகத் துண்டு இருந்தால், நெட்டுவாக்குக்கு மாறும்போது ஹெட்டைச் சாய்க்க வேண்டியதே இல்லை. கேமராவைக் கழற்றி, மறுபக்கத்தில் மாட்டினால் போதும். எடை டிரைபாட்டின் நடுவிலேயே நிற்கும். லென்ஸின் உயரமும் பெரிதாக மாறாது. உங்கள் கேமரா மாடலுக்கென்றே செய்த பிராக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பொதுவான பிராக்கெட்டுகள் பாட்டரி மூடியையோ கேபிள் துளையையோ மறைத்துவிடும், சுழலாமல் தடுக்கும் விளிம்பும் அவற்றில் இருக்காது. ஹெட்டில் பிளேட்டைக் கவ்வும் பிடி ஆர்க்கா-சுவிஸ் எனப்படும் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் ஆர்சி2 போன்ற வேறு வகைப் பிடிகளில் இந்த பிராக்கெட் உட்காராது.

ஹெட்டைப் பொறுத்தவரை நான் கடைக்காரருடன் மாறுபடுகிறேன். பால் ஹெட் விரைவானது, பயணத்துக்கும் தெருவுக்கும் உகந்தது. ஆனால் ஒரே பிடியைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒன்றாகத் தளர்ந்துவிடும். உருவப்படத்தில் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது, அடிவானக் கோடு கோணாமல் லென்ஸை மட்டும் சற்று மேலே அல்லது கீழே நகர்த்துவது. மூன்று கைப்பிடிகள் கொண்ட பான்-டில்ட் ஹெட் அதைத்தான் தருகிறது. நின்ற இடத்தில் நிற்கிற அறைக்கு அதன் எடையும் பருமனும் ஒரு குறையே அல்ல.

கார்பன் ஃபைபரும் அப்படித்தான். மலை ஏறுபவருக்கு ஒரு கிலோ குறைவது பெரிய வரம். படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மட்டும் நகரப்போகும் டிரைபாட்டுக்கு எடை இருப்பது நன்மையே. அந்தப் பணத்தில் கெட்டியான அலுமினியக் கால்கள், தனியாக ஒரு நல்ல ஹெட், எல் பிராக்கெட் மூன்றையும் உங்கள் தொகைக்குள் வாங்க முயலலாம். நான்கு ஐந்து மடிப்புகளை விட மூன்று மடிப்புக் கால்கள் உறுதியானவை. மடித்தால் நீளமாக இருக்கும், வீட்டில் அது பொருட்டல்ல.

உயரத்தைத்தான் எல்லோரும் தவறாகப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். நாற்காலியில் அமர்ந்த பெரியவரின் கண், தரையிலிருந்து 115 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பாயில் அமர்ந்த நான்கு வயதுக் குழந்தையின் கண் 55 செ.மீ. உயரத்தில்தான். ஆகவே 180 செ.மீ. வரை உயரும் என்ற விளம்பரத்தை விட, எவ்வளவு தாழ இறங்கும் என்பதே உங்களுக்கு முக்கியம். கால்களைத் தனித்தனிக் கோணங்களில் அகற்றி விரிக்க முடிகிறதா, நடுத்தண்டு தரையில் இடிக்காமல் குட்டையாக்க முடிகிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். மேலே உயர்த்தும்போது நடுத்தண்டை நம்பாதீர்கள். அதை முழுக்க ஏற்றிவிட்டால், மூன்று கால்களின் மேல் ஓர் ஒற்றைக் காலை நட்டது போல ஆகிவிடும்.


கைப்பிடி (பெரம்பூர்) எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. மூன்று வயதுக் குழந்தை ஒருபோதும் ஃபிரேமுக்குள் நிற்காது. நாம்தான் அதன் பின்னால் போக வேண்டும். டிரைபாட்டைத் தூக்கி வைத்து, உயரம் மாற்றி, திருகை இறுக்குவதற்குள் அந்தச் சிரிப்பு முடிந்துவிடும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் நடுக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, லென்ஸ் துளையைக் குறுக்கி எஃப் 4 அல்லது 5.6 வைத்துக் கையிலேயே எடுங்கள். உங்கள் உடம்பே நல்ல ஸ்டாண்டு.

மோனோபாட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணிக்கணக்கில் கனமான ஜூம் லென்ஸைத் தாங்க வேண்டியிருக்கும் கல்யாண மண்டபத்தில் அது கைவலியைக் குறைக்கும். மேலும் கீழுமான ஆட்டத்தையும் கட்டுப்படுத்தும். ஆனால் முன்னும் பின்னுமான சாய்வை அது தடுக்காது, கையை எடுத்தால் விழுந்துவிடும். கேமராவை விட்டு விலகி நின்று பேச வேண்டும் என்பது உங்கள் தேவையானால், அது உங்களுக்கான பொருள் அல்ல.


இருட்டறை (மயிலாப்பூர்) எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தச் சக்கர ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

நாங்கள் அதைப் போல வேறெந்தக் கருவியையும் நேசித்ததில்லை. ஒரு கனத்த அடித்தளம், பூட்டு வைத்த சக்கரங்கள், ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு குறுக்குக் கை. தூணுக்குள் எதிர் எடை இருக்கும் என்பதால், இரண்டு விரல்களால் தள்ளினாலே கேமரா முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை வழுக்கிக்கொண்டு போகும். அமர்ந்திருக்கும் தாத்தாவை எடுத்துவிட்டு, அடுத்த நொடி நிற்கும் பேரனுக்கு உயர்த்தலாம். டிரைபாட்டில் மூன்று கால்களின் பூட்டையும் திறந்து மூடுகிற நேரம் மிச்சம். பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேர் வரும் இடத்தில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அது ஒரே மட்டமான தரையில், ஒரே அறையில், ஆண்டுக்கணக்கில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் மாடிக்கு ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய பொருள் அல்ல. வாடகை வீட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்குச் சுமையாகும். அதன் சக்கரங்கள் வாசற்படியைத் தாண்டாது. உங்கள் அறைக்கு இப்போது அது வேண்டாம். என்றாவது சொந்தமாகத் தரைத்தளத்தில் ஓர் இடம் அமைந்தால், முதலில் அதை வாங்குங்கள்.

வாங்குவதானால் தூணின் கயிற்றையோ சங்கிலியையோ கட்டாயம் சோதித்துப் பாருங்கள். அது அறுந்தால் எதிர் எடை கீழே விழும், கேமராவும் விழும். நம் ஊர்க் கடற்காற்றில் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்திருப்பதை வெளிப்பூச்சு மறைத்துவிடும். டிரைபாட்டுக்கும் இதே நோய் உண்டு. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒருநாள் பயன்படுத்தினால், வீட்டுக்கு வந்ததும் கால்களை நீட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். பூட்டுகளுக்குள் போன மணல் ஒரே வாரத்தில் தன் வேலையைக் காட்டிவிடும்.

அந்தக் கேபிள் செய்தியைப் படித்ததும் எனக்கு மனம் பதறிவிட்டது. கேபிளை டிரைபாட்டின் காலோடு சேர்த்துக் கட்டி, தரையில் சுவரோரமாகக் கொண்டு போய், டேப் ஒட்டிவிடுங்கள். கேமராவின் துளைக்கு அருகே சிறு வளையம் விட்டுக் கட்டினால், இழுபட்டாலும் துளை உடையாது. மூன்று கால்களில் ஒன்று லென்ஸுக்கு நேர் கீழே, அமர்ந்திருப்பவரை நோக்கி இருக்கட்டும். முன்பக்கம் கனத்தாலும் சாயாது, நீங்களும் மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே தடுக்காமல் நிற்கலாம். டைல்ஸ் தரைக்கு ரப்பர் அடி வேண்டும், கூர்முனை கூடாது. அந்த ரப்பரில் பவுடர், எண்ணெய் படிந்தால் வழுக்கும் என்பதால் அவ்வப்போது கழுவிவிடுங்கள். நடுவில் உள்ள கொக்கியில் ஐந்து கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிடலாம். ஆனால் அது அந்தரத்தில் ஊசலாடக் கூடாது, அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய லைட் ஸ்டாண்டுக்கு இதைவிட அவசியமாக ஒரு மூட்டை வேண்டும், ஏனென்றால் மின்விசிறிக் காற்றில் அது பாய்மரம் போலத் திரும்பும்.

கைக்குழந்தையை மேலிருந்து எடுக்கக் குறுக்குக் கை வாங்கலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். நான் என் பணிக்காலத்தில் ஒருமுறைகூடக் குழந்தையின் நேர் மேலே கேமராவை மாட்டியதில்லை. படுத்திருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கேமராவின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுப்பதே முறை.

ஒரு பழைய செய்தியையும் சொல்கிறேன், இது நம் ஊர் சம்பந்தப்பட்டது. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1850களில் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அதனால் ஸ்டுடியோக்களில் கேமராவுக்கு ஒரு மர ஸ்டாண்டு இருந்தது போலவே, அமர்பவரின் பின்தலையைத் தாங்க ஓர் இரும்பு ஸ்டாண்டும் இருந்தது. உங்களிடம் வரும் அறுபது, எண்பது வயதுப் பெரியவர்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அவர்களுக்கு இரும்புக் கவ்வி வேண்டாம். முதுகு சாயும்படி கை வைத்த நல்ல நாற்காலியும், காலடியில் ஒரு மணைப்பலகையும் போதும். அவர்கள் சௌகரியமாக அமர்ந்தால் பாதி ஆட்டம் தானாக நின்றுவிடும். டிரைபாட்டுக்குச் செலவிடும் தொகையில் கொஞ்சத்தை அந்த நாற்காலிக்கு ஒதுக்கி வையுங்கள்.


ஜன்னலோரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஒரு நாள் வாடகைக்கு மூன்று மடிப்பு அலுமினிய டிரைபாட்டையும் பான்-டில்ட் ஹெட்டையும் எடுத்து வந்து, எதிர்வீட்டுத் தாத்தா பாட்டியை அமர வைத்து எடுத்தேன். தாத்தாவுக்குக் காது சற்று மந்தம். முன்பெல்லாம் கேமராவுக்குப் பின்னாலிருந்து நான் சொல்வது கேட்காமல் திணறுவார். இம்முறை ஃபிரேமை நிறுத்திவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று பேசினேன். பாட்டி ஏதோ சொல்ல, அவர் திரும்பிச் சிரித்த படம் கிடைத்தது. எல் பிராக்கெட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சக்கர ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருட்டறை ஐயா சொன்னபடி கேபிளைச் சுவரோரமாக ஒட்டியும் ஆயிற்று.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். நடன மாணவிகளுக்குச் சலங்கை தெரியும்படி முழு உருவப்படம் வேண்டும். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் 50 மி.மீ. லென்ஸில் பாதம் வெட்டுப்படுகிறது. டிரைபாட் வந்த பிறகு இடம் இன்னும் குறைந்துவிட்டது போல் இருக்கிறது. இதற்கு வழி உண்டா?


மூன்றுகால் எழுதியது:

கணக்கு இப்படி இருக்கிறது. தலைக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் சிறிது இடம் விட்டு 190 செ.மீ. உயரம் ஃபிரேமுக்குள் வர வேண்டுமானால், உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 4 மீட்டர் தூரம் தேவை. உங்கள் அறையின் நீளப் பக்கமே 3.65 மீட்டர்தான். மாணவி பின்திரையிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிழல் திரையில் விழும். ஆகவே அந்த லென்ஸால் இந்த அறைக்குள் முடியாது. ஜூம் லென்ஸை 35 மி.மீ. அளவில் வைத்தால் 2.8 மீட்டர் போதும். அதற்குக் கேமரா சுவரை ஒட்டி இருக்க வேண்டும். டிரைபாட்டின் ஒரு காலை முன்னே நீட்டி, மற்ற இரண்டையும் சுவரோரமாக வையுங்கள். கேமராவின் திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். கையில் பிடித்து எடுத்தால் உங்கள் உடம்புக்கும் தலைக்கும் அரை மீட்டர் வேண்டியிருக்கும். அந்த அரை மீட்டரை டிரைபாட் உங்களுக்குத் திருப்பித் தருகிறது.

அறைக் கதவு பின்திரைக்கு நேர் எதிரில் இருந்தால் இன்னும் நல்லது: கதவைத் திறந்து, டிரைபாட்டைக் கூடத்தில் நிறுத்தி, 50 மி.மீ. லென்ஸிலேயே எடுங்கள். எதுவானாலும் முழு உருவத்துக்கு லென்ஸைக் கண் உயரத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தெரியும். இடுப்பு உயரத்துக்கு, அதாவது 90 முதல் 100 செ.மீ. வரை இறக்கி, ஹெட்டில் உள்ள குமிழி மட்டத்தைப் பார்த்து லென்ஸை நேராக வையுங்கள். அரைமண்டியில் நிற்கும் படத்துக்கு இன்னும் ஒரு சாண் இறக்க வேண்டியிருக்கும். இரண்டு நிலைகளுக்கும் கால்கள் நிற்கும் இடத்தை டைல்ஸில் டேப் ஒட்டிக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த மாணவி வரும்போது மறுபடி அளக்க வேண்டியிருக்காது.